ஏழு பேர் கண்ணீர்

காளியம்மாவுக்கு அழுகை வரவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால், ஜெராம் பக்கத்துத் தோட்டங்களில் அந்த ஆளை நேராகத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றியிருப்பார்கள். முப்பது வருஷமாக எந்த லயத்து வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் தகவல் பந்தல் போடுகிறவனுக்கு, இரண்டாவது காளியம்மாவுக்கு. செத்தவன் தோட்டத்து ஆட்களையெல்லாம் வேலை வாங்கி ஆட்டிவைத்த மண்டோராக இருக்கட்டும், அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தால், 'அடடா, இம்புட்டு நல்ல மனுஷனா இவன்' என்று அவன் பெண்டாட்டிக்கே சந்தேகம் வந்துவிடும். அப்பேர்ப்பட்டவளிடம்தான் ஒரு நிலையம் இரண்டு மில்லி கண்ணீர் கேட்டது. அவளால் கொடுக்க முடியவில்லை. இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு நிலையத்தார் இடமே வைக்கவில்லை.

காளியம்மாவுக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு செம்பனை மரங்களுக்கு அடியில் புல்லைக் கருக்குகிற மருந்தை அடிக்க வேண்டும். கண்ணுக்குப் போடக் கம்பெனி கண்ணாடி கொடுத்திருந்தது. போட்ட ஐந்தாவது நிமிஷம் அது வேர்த்துப் புகைந்து, புல்லும் தெரியாது பாம்பும் தெரியாது. அதனால் எல்லாப் பெண்களும் அதைக் கழுத்தில் தாலி மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, பம்பின் குழாய் பிடுங்கிக்கொண்டு மருந்து அவள் வலது கண்ணில் அடித்தது.

இருந்ததே அந்த ஒரு கண்தான். இடது கண் ஏழு வயதில் அம்மை போட்டபோதே போய்விட்டது. அதில் பார்வை கிடையாது, தண்ணீர் மட்டும் வரும்.

"அம்மா, கருவிழி மேல்தோல் வெந்து போச்சு," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மகள் கங்கா பக்கத்தில் நின்றாள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண், புக்கிட் செந்தோசாவில் வீடு; லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். "சும்மா விட்டாலும் புண்ணு ஆறிடும். ஆனா தழும்பு விழுந்து ஆறும். சன்னல் கண்ணாடியில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும், வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது. தழும்பில்லாம ஆறணும்னா ஒரு புரதம் வேணும். நம்ம கண்ணீர்ல இயற்கையாவே இருக்கிறதுதான். இவங்களுக்குக் கண்ணீர் சுரக்கிற இடமும் சேந்து வெந்துட்டதால அது வராது. அந்தப் புரதத்தைச் சொட்டு மருந்தா கோலசிலாங்கூர்ல ஒரு நிலையத்துல வச்சிருக்காங்க. மூணு வாரத்துக்குள்ள ஊத்திரணும்."

"ஊத்துனா பழையபடி தெரியுமா டாக்டர்?" என்றாள் கங்கா.

"பெரும்பாலும் தெரியும். நாளைக்கே போங்க."

மறுநாளே போனார்கள். மலையடிவாரத்தில் புதுக் கட்டடம். 'இயற்கைப் புரதக் கண்ணொளி நிலையம்' என்று பெயர், அதன் கீழே 'கண்ணீரே மருந்து' என்று கொட்டை எழுத்து. மலைக் குரங்குகள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றைத் தவிர உள்ளே இருந்த எல்லாருக்கும் ஒரு நம்பர் உண்டு. காளியம்மாவின் நாற்காலிக்கு நேர் எதிரே கண்ணாடிக் கதவு வைத்த ஒரு குளிர்பெட்டி இருந்தது. உள்ளே விளக்கெரிய, வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குப்பிகள். கலங்கிய கண்ணிலும் அவை தெரிந்தன.

"அதுதானா கங்கா?"

"அதுதாம்மா."

"கையெட்டுற தூரத்துலதான் இருக்கு," என்று காளியம்மா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பாவம்.

நிலைய இயக்குநர் சத்தியசீலன் வந்தவர்களை உட்காரவைத்துப் பேசுகிறவர். உட்காரவைத்தால் நீண்ட நேரம் பேசலாம் அல்லவா? "அம்மா, இது சாதாரண மருந்து கிடையாது. இயற்கைப் புரதம். ஆண்டவன் நம்ம எல்லாருடைய கண்ணீரிலும் வைத்து அனுப்பியிருக்கிறான். இருக்கிறவர்களுக்கே திரும்பக் கொடுத்தால் அது விரயம். ஆகையால் உங்கள் கண்ணீரில் அந்தப் புரதம் குறைவு என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்கு, பாதிக்கப்பட்ட கண்ணிலிருந்து இரண்டு மில்லி கண்ணீர் தேவை."

"சார், அந்தக் கண்ணுல கண்ணீரே வராதுன்னுதானே ஆஸ்பத்திரியில லெட்டர் குடுத்திருக்காங்க?" என்றாள் கங்கா.

"கடிதம் இருக்கிறது. கண்ணீர் இல்லையே," என்றார் இயக்குநர் அன்போடு.

"இல்லாததுதான் சார் நோவே!"

"அந்த இல்லாமையைத்தான் அளக்க வேண்டும் என்கிறேன். அளப்பதற்கு ஏதாவது வேண்டாமா?"

காளியம்மா மகளின் கையைத் தட்டினாள். "விடு புள்ள. அழுவத்தான சொல்றாங்க? அது நம்ம தொழிலுதான்."

அழுகைக்கென்று நிலையத்தில் தனி அறை இருந்தது. மேசைமேல் ஒரு தட்டு, பஞ்சு, மெல்லிய கண்ணாடிக் குப்பி, சுவரில் விதிமுறை. வெங்காயம் ஆகாது. மிளகாய் ஆகாது. கொட்டாவிக் கண்ணீர் கணக்கில் வராது. மனம் உருகி வருவதே இயற்கையான கண்ணீர். அறைக்குப் பொறுப்பாளர் பிரமிளா என்ற சின்னப் பெண். நல்ல பெண்தான், அவளிடம் நிரப்பக் கொடுத்திருந்த பாரம்தான் பொல்லாதது.

"ஆன்ட்டி, குப்பியைக் கண்ணுக்குக் கீழ வச்சுப் பிடிச்சுக்கிறேன். நீங்க அழுங்க."

காளியம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள், தொண்டையைச் செருமினாள், மார்பில் ஒரு அடி அடித்து, "என்னப் பெத்த மகராசி..." என்று எடுத்தாள். சன்னலில் இருந்த குரங்குகள் ஒரே தாவாகத் தாவி ஓடின. பக்கத்து அறையில் யாரோ எதையோ கீழே போட்டார்கள்.

"ஆன்ட்டி, ஆன்ட்டி! ஒரு நிமிஷம். யாருக்காக அழுவுறீங்க? பாரத்துல எழுதணும். செத்தவங்க பேரு, அடையாள அட்டை ஐசி நம்பர்."

"யாருக்குன்னு சொல்ல? பொதுவா லா."

"பொதுச் சாவுக்கு இதுல இடமில்ல ஆன்ட்டி."

காளியம்மா யோசித்தாள். புருஷன் செத்துப் பதினெட்டு வருஷம். அவன் பெயரைச் சொன்னாள். மறுபடி பாடினாள். பாடப் பாட இடது கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. வலது கண் மட்டும் எரிந்துகொண்டு காய்ந்து கிடந்தது. பிரமிளா குப்பியை வலது கண்ணுக்குக் கீழேயே பிடித்துக்கொண்டு, இடது கன்னத்தில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கண்ணுலதான் எம்புட்டு வேணும்னாலும் வருதே, புடிச்சுக்கம்மா."

"அது பாதிக்கப்படாத கண்ணு ஆன்ட்டி."

"ஐயோ, அதுதாம்மா மொதல்ல போன கண்ணு!"

பிரமிளா பாரத்தைப் புரட்டிப் பார்த்தாள். அதற்கும் இடமில்லை.

இப்படி மூன்று முறை நடந்தது. ஒரு முறை சோகப் படம் போட்டுக் காட்டினார்கள், காளியம்மாவுக்குப் படமே சரியாகத் தெரியவில்லை. இன்னொரு முறை ஒரு ஆலோசகர் வந்து, அழுகை என்பது மனத்தடையின் நீக்கம் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார், அவள் தூங்கிவிட்டாள். கடைசியில் இயக்குநர் பெரிய மனது பண்ணி, வீட்டுக்கே ஒரு குப்பியைக் கொடுத்தனுப்பினார். "ஏழு நாளில் எப்போது வேண்டுமானாலும் அழலாம். நிலையம் உங்களை வற்புறுத்தாது."

ஐந்தாம் நாள் காலை கெர்லிங்கிலிருந்து போன் வந்தது. சின்னம்மா செத்துப்போய்விட்டாள்.

சின்னம்மா என்றால் காளியம்மாவோடு இருபத்திரண்டு வருஷம் ஒரே வரிசையில் பம்பு தூக்கினவள். இவளுக்கு ஒரு கண்தான் என்பதால் எப்போதும் இவளுடைய இடது பக்கமாக நடப்பாள். "குழி வருது, ஒத்திக்க" என்பாள். "கட்ட கெடக்கு, தாண்டு" என்பாள். வேலையை விட்டு மகன் வீட்டுக்குக் கெர்லிங் போன நாளிலிருந்து காளியம்மா எத்தனையோ தடவை குழியில் விழுந்திருக்கிறாள்.

வண்டியில் ஏறும்போது காளியம்மா அந்தக் குப்பியை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். கங்கா பார்த்துவிட்டாள். காளியம்மா வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள். "என்னா பொறப்பு பாரு. அவ சாவுக்கு அழுவப் போறேனா, குப்பி ரொப்பப் போறேனா? மேல இருந்து பாத்து என்னைக் காறித் துப்ப மாட்டாளா?"

சாவு வீட்டில் ஒப்பாரி எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நிலையத்தாருக்குத்தான் சொல்ல வேண்டும். அங்கே யாரும் தனியாக அழுவதில்லை. வந்தவள் வாசலிலேயே இருக்கிறவளைக் கட்டிக்கொள்வாள். இருக்கிறவர்கள் வட்டமாகக் குந்தி, தோளில் கை போட்டு, தலையோடு தலை முட்டி, கன்னத்தோடு கன்னம் வைத்து, ஆடி ஆடி அழுவார்கள். சின்னம்மாவின் தங்கை, இரண்டு மகள்கள், மருமகள், பழைய லயத்துக் கூட்டாளிகள் இரண்டு பேர், நடுவில் காளியம்மா. அவள் பாடினாள். குழி வருது என்று சொன்னவளே குழிக்குள்ள போறியே என்று பாடியபோது, வெளியே சீட்டாடிக்கொண்டிருந்த ஆம்பிளைகள்கூடச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். நடுவில் எப்போதோ, யாருக்கும் தெரியாமல், வலது கண்ணுக்குக் கீழே அவள் குப்பியை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் அழுத அழுகை மாதிரி யாருக்கும் அழுததில்லை. பிணம் எடுத்த பிறகு பார்த்தால் குப்பி நிரம்பியிருந்தது.

"செத்தும் குடுத்துட்டுப் போறா பாரு," என்று குப்பியைக் கங்காவிடம் நீட்டினாள். அவமானமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்து, முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

குப்பியை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். முடிவு வந்தது, மருந்து தெறித்த இருபதாவது நாள். இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, வாழ்த்துகள்! நிலையம் ஆரம்பித்த நாளிலிருந்து இவ்வளவு புரதம் உள்ள கண்ணீரை நாங்கள் பார்த்ததில்லை. சாதாரண அளவைவிட அதிகம். உங்களுக்கு மருந்தே தேவையில்லை." 'தரமான கண்ணீர்' என்று அச்சடித்த சான்றிதழ் ஒன்றையும் நீட்டினார். காளியம்மா அதைத் தலைகீழாக வாங்கிக்கொண்டாள். கங்கா அதை நேராகத் திருப்பி அவள் கையில் வைத்தாள்.

காளியம்மா மெதுவாகச் சொன்னாள். "ஐயா, கோச்சுக்கக் கூடாது. அது என் கண்ணீர் மட்டும் இல்லீங்க. சாவு வீட்டுல கட்டிப் புடிச்சு அழுதப்ப புடிச்சது."

சிரிப்பு நின்றது. "எத்தனை பேர்?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "என்னையும் சேத்து ஏழு."

"உங்க கண்ணுல வந்துச்சா ஆன்ட்டி?" என்று பிரமிளா பின்னாலிருந்து கேட்டாள்.

"தெரியலயேம்மா. கன்னமெல்லாம் ஈரமா இருந்துச்சு. எது யாருதுன்னு யாரு பாத்தா?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, இது சின்ன விஷயமில்லை. ஆறு அந்நியர்களின் புரதம் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. இதை ரத்து செய்ய வேண்டுமானால் அந்த ஆறு பேரும் ஐசியோடு நேரில் வந்து, தங்கள் கண்ணீரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கையெழுத்திட வேண்டும். பிறகு நீங்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம்."

"சார், இன்னைக்கு இருபதாவது நாளு!" கங்கா மேசையில் கையை ஊன்றி நின்றாள். "நாளைக்கு விட்டா எங்கம்மா கண்ணு போயிரும். மருந்து அங்க இருக்கு சார், அந்தப் பொட்டியில. ஒரு குப்பி. நீங்க மனசு வச்சா..."

"மனசு இருக்கிறது, மகளே. அதிகாரம் இல்லை. நாளைக்கே ஒருவர் வந்து, தரமான கண்ணீர் உள்ளவருக்கு எப்படி மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டால்? நான் இந்த நாற்காலியில் இருந்தால்தானே இன்னும் பலருக்குச் சேவை செய்ய முடியும்?"

காளியம்மா குளிர்பெட்டி இருந்த பக்கம் திரும்பினாள். முதல் நாள் குப்பிகளை எண்ணிவிடலாம் போல் இருந்தது. இப்போது விளக்கு மட்டும் வெள்ளையாகப் பரவித் தெரிந்தது. கையெட்டுகிற தூரம்தான். பிரமிளா பெட்டியின் பக்கத்தில் நின்றாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. இயக்குநரை ஒரு பார்வை பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள்.

ஆறு பேரும் வந்தார்கள். அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. சின்னம்மாவின் கருமாதியைக்கூட முடிக்காமல், வேன் பிடித்துக் கெர்லிங்கிலிருந்து வந்தார்கள். 'என் கண்ணீரை நான் நிபந்தனையின்றித் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்ற தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். சின்னம்மாவின் தங்கைக்கு எழுதத் தெரியாது. பெருவிரலை மையில் அழுத்திக்கொண்டே அவள் கேட்டாள், "எங்கக்காவுக்கு அழுத அழுவைய இவனுங்க எதுக்கு எங்கிட்ட திருப்பிக் குடுக்குறானுங்க?"

புது விண்ணப்பத்துக்கு முன்பு கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. விளக்கடித்துப் பார்த்தார்கள். புண் ஆறியிருந்தது. கருவிழி முழுக்க வெள்ளையாக, நன்றாக, ஒரு கீறல் பாக்கியில்லாமல் மூடியிருந்தது.

"ஆறிவிட்டது!" என்றார் சத்தியசீலன். "சொன்னேன் அல்லவா? மருந்தே இல்லாமல்!"

"எனக்கு உங்க மொகம் தெரியலயேங்க," என்றாள் காளியம்மா.

"அது பார்வைப் பிரிவு. எங்களுடையது புண் பிரிவு."

இரண்டு மாதம் கழித்து ஆண்டு விழா. டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் தலைமை தாங்க வந்திருந்தார். குணமானவர்களில் ஒருவராகக் காளியம்மாவுக்கு அழைப்பு போயிருந்தது. போகவே கூடாது என்று கங்கா கத்தினாள். "போவணும்," என்றாள் காளியம்மா. "அந்த ஆறு பேருக்கும் சொல்லிவிடு." வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்துத் தரச் சொல்லிக் கட்டிக்கொண்டாள்.

இயக்குநர் பேசினார். "இந்த ஆண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் நம்மிடம் வந்தார்கள். பெருமையோடு சொல்கிறேன், ஒருவருக்குக்கூடத் தகுதியில்லாமல் மருந்து போய்ச் சேரவில்லை. ஒரு சொட்டு விரயமில்லை. தேதி முடிந்த குப்பிகளைக்கூட முறைப்படி எண்ணி, முறைப்படி அழித்திருக்கிறோம். இயற்கைப் புரதத்தின் மகிமையைப் பாருங்கள். அது இங்கே குளிர்பெட்டியில் இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே இந்த அம்மாவின் புண் ஆறிவிட்டது!"

ஒரே கைதட்டல். கங்கா அம்மாவைக் கைபிடித்து மேடையில் ஏற்றினாள். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, நிலையத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

காளியம்மா ஒலிவாங்கியை மகளிடம் கொடுத்துவிட்டாள். அவள் தொண்டைக்கு அது வேண்டாம். மேடையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், மார்பில் அடித்துக்கொண்டு எடுத்தாள்.

"குழி பாத்து நடக்க வச்ச
 ஒத்தக் கண்ணே என் கண்ணே
கண்ணாடிப் பொட்டிக்குள்ள
 குளுகுளுன்னு மருந்திருக்க
கையெழுத்துப் பத்தாம
 காஞ்சு நீ போனியே
ஏழு பேரு அழுத தண்ணி
 உன்ன எழுப்ப லாயக்கில்லையே..."

கூட்டத்திலிருந்து முதலில் சின்னம்மாவின் தங்கை எழுந்தாள். பிறகு மற்ற ஐந்து பேரும். மேடையேறி வட்டமாகக் குந்தி, காளியம்மாவைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டி அழுதார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, நிகழ்ச்சி நிரலில் இது இருக்கிறதா இல்லையா என்று எவருக்கும் தெரியவில்லை. மேடை ஓரத்தில் பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். பழக்க தோஷம், ஒரு கையில் குப்பி இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அருமை, அருமை," என்று டத்தோ சத்தியசீலனின் காதில் சொன்னார். "நம் பாரம்பரியக் கலை. கண்டிப்பாக வளர்க்க வேண்டும்." அவர் எழுந்து நின்று தட்டினார். உடனே சபை முழுக்க எழுந்து நின்று தட்டியது.

சத்தம் கேட்டுக் காளியம்மா பாட்டை நிறுத்தினாள். இடது கன்னம் நனைந்து சேலைவரை ஊறியிருந்தது. வெள்ளைக் கண் காய்ந்தே இருந்தது. முகத்தைத் திருப்பித் திருப்பிக் காதால் தேடினாள்.

"என்னா சத்தம் கங்கா அது?"

"கை தட்டுறாங்கம்மா."

"எத்தன பேரு?"

"எல்லாரும்மா."

முப்பது வருஷமாக எத்தனையோ சாவைப் பார்த்த காளியம்மா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "சாவு வீட்டுல கை தட்டுறத இப்பத்தான் கேக்குறேன். வா புள்ள, தலை முழுகணும்."

படி எங்கே இருக்கிறது என்று சின்னம்மாவின் தங்கை இடது பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.